முதல் டிராஃப்டை விட்டுக்கொடுக்க வேண்டாம்

திருகோணமலையில் இருந்துகொண்டு திரைக்கதை எழுதிப் பிழைக்க முடியுமா என்று கேட்டால், முடியும், ஆனால் ஒரே வகை வேலையை நம்பியிருக்க முடியாது என்றுதான் சொல்வேன். சினிமா என்று ஒரு தொழில்துறை எங்களுக்கு இங்கே இல்லை. டெங்கு விழிப்புணர்வுக்கு ஐந்து நிமிடக் குறும்படம், ஒரு தொண்டு நிறுவனத்துக்கு வீதி நாடகம், வெளிநாட்டில் இருக்கும் யாரோ காசு போட்டு எடுக்கும் யூடியூப் தொடர், கொழும்பில் இருந்து வந்து நிலாவெளிப் பக்கம் படம்பிடிக்கிறவர்களுக்கு வசனம், எப்போதாவது ஒரு வானொலி நாடகம். நான் உட்பட இங்கே எழுதுகிற பலருடைய மாதம் இப்படித்தான் ஓடுகிறது. எந்த வேலையாக இருந்தாலும் வெற்றுத் தாளில் முதல் வரியை எழுதுகிறவர் எழுத்தாளர்தான் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. கடந்த இரண்டு மூன்று வருடங்களாக அதுதான் கையை விட்டுப் போகிறது, அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

முன்பு ஒரு வேலை வந்தால் முதலில் உட்கார்ந்து கதைப்போம். அப்புறம் கதைச்சுருக்கம், அதற்கு ஒரு தொகை. பிறகு காட்சிகளைப் பிரித்து எழுதுவது, முதல் டிராஃப்ட், அதற்குப் பிறகு திருத்தம். பெரிய காசு கிடைப்பது முதல் டிராஃப்டுக்கு. இப்போது வட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வருகிறது, கூடவே ஒரு குரல் பதிவு: "அக்கா, ஸ்கிரிப்ட் எல்லாம் ரெடி, ஒருக்கா பார்த்து எங்கட ஆக்கள் கதைக்கிற மாதிரி மாத்தித் தாங்கோ, ரெண்டு நாள் வேலைதான்." ஸ்கிரிப்டை எழுதியது ஏஐ. எனக்குத் தருவதாகச் சொல்லும் காசு திருத்தத்துக்கான காசு, முன்பு கிடைத்ததில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. கேட்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை, அவர்களுக்கும் பட்ஜெட் நெருக்கடி இருக்கிறது, ஏதோ எனக்கு வேலையைக் குறைத்துத் தருவதாகவே நம்புகிறார்கள்.

ஆனால் வேலை குறையவில்லை. ஒரு உதாரணம் சொல்கிறேன். திருக்கடலூர்ப் பக்கத்து மீனவக் குடும்பம் ஒன்று நுண்கடனில் மாட்டிக்கொள்ளும் கதை ஒன்றைத் திருத்தக் கொடுத்தார்கள். ஆடி மாதத்தில் கடல் கொந்தளிக்கிறது, வள்ளங்கள் கரையில் கிடக்கின்றன, வீட்டில் அடுப்பு எரியவில்லை, கடன் வாங்குகிறார்கள். படிக்க நன்றாகத்தான் இருந்தது. எங்கள் கரையில் ஆடி என்றால் கச்சான் காற்றும் வெயிலும், கடல் தணிந்து கிடக்கும், தொழில் நடக்கிற காலமே அதுதான். கடல் மூடுவது வாடை தொடங்கிய பிறகு, ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில். சரி, மாதத்தை மாற்றிவிட்டால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. கடல் திறந்திருக்கும்போது வாங்கிய கடனுக்கு, கடல் மூடிய பிறகும் கிழமைக்குக் கிழமை தவணை கட்ட வேண்டும் என்பதில்தான் அந்தக் குடும்பத்தின் கதையே இருக்கிறது. மாதம் மாறினால் முதல் காட்சி மாறும், கடன் வாங்கும் காரணம் மாறும், இடைவேளை வருகிற இடம் மாறும்.

இன்னொன்று, அந்த டிராஃப்டில் தாய் கடைசியில் கடன் வசூலிக்க வந்தவரிடம் நீளமாக ஒரு பேச்சுப் பேசுவார், அவர் தலைகுனிந்து போவார். இங்கே நடப்பது வேறு. குழுக் கடனில் ஒருத்தி தவணை தவறினால் மற்றப் பெண்கள்தான் அதைக் கட்ட வேண்டியிருக்கும். அதனால் சண்டை வருவது வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவளோடு, நேற்றுவரை பிள்ளையைப் பார்த்துக்கொண்டவளோடு. அந்த இரண்டு பெண்களும் பேசாமல் ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளுகிற காட்சியை எழுதின பிறகுதான் படம் படமானது. அதை ஏஐயிடம் கேட்டு நான் தெரிந்துகொள்ளவில்லை. மூதூரில் இருந்து வந்து கோணேசபுரி வளாகத்தில் படிக்கும் ஒரு தங்கச்சியும் நானும் அந்தப் பெண்களோடு பின்னேரங்களில் போயிருந்து, தேத்தண்ணி குடித்து, அவர்கள் சொல்ல விரும்பியதை மட்டும் கேட்டு எழுதியது. முழுக்கதையையும் புதிதாக எழுதிவிட்டு, திருத்தத்துக்கான காசையும் 'வசன உதவி' என்ற பெயரையும் வாங்கிக்கொண்டு வந்தோம்.

எனக்கு ஓரளவு பெயர் இருக்கிறது, நாலு பேரைத் தெரியும், சமாளித்துக்கொள்வேன். எனக்குப் பயம் அந்தத் தங்கச்சியைப் போன்றவர்களை நினைத்துத்தான். திரைக்கதையை யாரும் வகுப்பில் முழுதாகக் கற்றுக்கொள்வதில்லை. சின்னச் சின்ன வேலைகள் வேண்டும், அதற்குக் காசு வேண்டும், எழுதியதைப் படப்பிடிப்பில் நடிகர் வாயில் கேட்கும்போது எந்த வரி செத்துக் கிடக்கிறது என்று காது பழக வேண்டும். டெங்குப் படமும் வீதிப் பாதுகாப்புப் படமும்தான் எங்களுக்கு அந்தப் பள்ளிக்கூடம். ஏஐ முதலில் எடுத்துக்கொள்வது சரியாக அந்த வேலைகளைத்தான். கிண்ணியாவிலும் தம்பலகாமத்திலும் கதை சொல்லத் தெரிந்த பெடியள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவர்கள் ஏறி வர வேண்டிய முதற்படி இல்லாமல் போனால் பத்து வருடம் கழித்து இந்த மாவட்டத்தில் இருந்து ஒரு முழுநீளப் படத்துக்கு யார் எழுதுவார்?

இது நாங்கள் மட்டும் படுகிற பாடு இல்லை என்பது எனக்கு அமெரிக்க எழுத்தாளர்களின் வேலைநிறுத்தத்தைப் பின்தொடர்ந்தபோது விளங்கியது. 2023 மே 2 அன்று அங்கே எழுத்தாளர் சங்கம் வேலையை நிறுத்தியது, சுமார் 11,500 பேர், 148 நாட்கள். அவர்கள் கேட்டவற்றில் ஏஐ ஒன்று மட்டும்தான், ஓடிடியில் இருந்து கிடைக்கும் பங்கு, தொடர்களுக்கு வைத்திருக்கும் எழுத்தாளர்களின் எண்ணிக்கை என்று வேறு பெரிய பிரச்சினைகளும் இருந்தன. ஆனால் ஏஐ பற்றி அவர்கள் வாங்கிய வரிகளைப் படித்தபோது, எங்களுடைய வட்ஸ்அப் கோப்பைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினார்களோ என்று இருந்தது. ஏஐ எழுதியது மூலக்கதை என்று கணக்கில் எடுக்கப்படாது. அதாவது ஒரு நிறுவனம் ஏஐ தந்த பக்கங்களைக் கையில் கொடுத்து 'இதைத் திரைக்கதையாக்கு' என்று சொல்லி எழுத்தாளரின் சம்பளத்தையோ பெயரையோ குறைக்க முடியாது. கொடுக்கும் பக்கங்களில் ஏஐ எழுதியது இருந்தால் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். எழுத்தாளர் விரும்பினால், நிறுவனமும் சம்மதித்தால், ஏஐயைப் பயன்படுத்தலாம், ஆனால் பயன்படுத்தித்தான் ஆக வேண்டும் என்று வற்புறுத்த முடியாது. இவர்கள் தொழில்நுட்பத்தைத் தடை செய்யச் சொல்லவில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது.

ஏஐக்குப் பயிற்சி கொடுக்கத் தங்கள் எழுத்தைப் பயன்படுத்தும் விடயம் மட்டும் அந்த ஒப்பந்தத்தில் தீரவில்லை. அதை எதிர்க்கும் உரிமையைக் கைவிடாமல் வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். 2024 நவம்பரில் அட்லாண்டிக் இதழ் வெளியிட்ட ஒரு கட்டுரை, 53,000க்கு மேற்பட்ட படங்களின் வசனங்களும் 85,000க்கு மேற்பட்ட தொலைக்காட்சி அத்தியாயங்களின் வசனங்களும் ஏஐ பயிற்சிக்கான தரவுத் தொகுப்பு ஒன்றில் இருப்பதைக் காட்டியது. அவை சப்டைட்டில்களில் இருந்து எடுத்தவை. நாங்கள் குறும்படத்தை யூடியூபில் ஏற்றும்போது தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று சப்டைட்டிலும் சேர்த்தே ஏற்றுகிறோம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

சரி, இங்கே எங்களுக்கு அப்படி ஒரு சங்கம் இல்லை. சட்டம் இருக்கிறது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் ஏஐ என்ற பேச்சே கிடையாது, ஆனாலும் அதைப் படித்தால் எங்களுக்குத் தேவையானது நிறைய இருக்கிறது. ஆக்கியோர் என்றால் அந்தப் படைப்பை உருவாக்கிய மனிதர் என்றே அது வரையறுக்கிறது. எழுதிய கணத்தில் இருந்தே பாதுகாப்பு உண்டு, பதிவு செய்யத் தேவையில்லை, வாழ்நாளும் அதற்குப் பின் 70 வருடமும் அது நிற்கும். பொருளாதார உரிமையை, அதாவது படைப்பை வைத்துக் காசு பார்க்கும் உரிமையை, விற்றுவிட்டாலும் பெயர் போடக் கேட்கும் உரிமை எழுதியவரிடமே இருக்கும். ஆனால் கவனிக்க வேண்டிய இடமும் அதிலேயே இருக்கிறது: ஒப்பந்தத்தில் வேறு மாதிரிச் சொல்லாவிட்டால், படத்தின் பொருளாதார உரிமை தயாரிப்பாளருக்குத்தான் போகும். வெறும் யோசனைக்கும் பாதுகாப்பு இல்லை, அதற்கு நீங்கள் கொடுத்த வடிவத்துக்குத்தான், அது எழுத்தில் இருந்தால் காட்டுவதும் சுலபம். ஆகவே போனில் கதை சொல்லாதீர்கள் என்று வருகிற எல்லோரிடமும் சொல்கிறேன். இரண்டு பக்கம் எழுதி, மின்னஞ்சலில் அனுப்பி, திகதியோடு வைத்துக்கொள்ளுங்கள், பிறகு கதையுங்கள்.

இந்தியாவில் 2012 இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது திரைக்கதை எழுதியவர்களுக்கும் உரிமைத்தொகை கிடைக்க வழி செய்தார்கள், தியேட்டரில் ஓடுவதைத் தவிர்ந்த மற்றப் பயன்பாடுகளுக்கு, அதுவும் கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுக்க முடியாதபடி. அப்படிப்பட்ட நாட்டிலேயே 2025 ஆகஸ்டில் என்ன நடந்தது? 'ராஞ்ஜனா'வின் தமிழ் வடிவமான 'அம்பிகாபதி'யை, ஏஐயால் முடிவை மாற்றி, இறந்த நாயகனை உயிரோடு எழுப்பி மறுபடி வெளியிட்டார்கள். இயக்குநரும் நடிகர் தனுஷும் வெளிப்படையாக எதிர்த்தார்கள், படம் வெளியாகத்தான் செய்தது. ஒரு கதையின் முடிவு என்பது அதை எழுதியவர் முதல் பக்கத்தில் இருந்து கட்டிக்கொண்டு வந்த இடம். அதை உரிமை வைத்திருப்பவர் தனியாக உட்கார்ந்து மாற்றலாம் என்றால், ஒப்பந்தத்தில் 'எழுத்தாளரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் ஏஐயால் மாற்றக் கூடாது' என்று ஒரு வரி ஏன் வேண்டும் என்று இனியும் யாரும் கேட்க மாட்டார்கள் என நினைக்கிறேன்.

இங்கே எழுதுகிற கொஞ்சப் பேர் சேர்ந்து அப்படி ஒரு பக்க ஒப்பந்தம் ஒன்றைத் தயாரித்திருக்கிறோம். உப்புவெளியில் ஒருவருடைய வீட்டு விறாந்தையில் இருந்து, ஒரு சட்டத்தரணித் தம்பியை வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் விளங்குகிற தமிழில் எழுதினோம். அதில் நான் பிடிவாதமாக நின்றது ஒரு இடத்தில்: ஏஐ எழுதியதைத் திருத்தக் கொடுத்தால் அது திருத்தம் இல்லை, முதல் டிராஃப்ட், அதற்குரிய காசும் பெயரும் வேண்டும். எத்தனை தடவை இலவசமாக மாற்றித் தருவோம் என்பதும், யூடியூப் விவரக்குறிப்பில் பெயர் வர வேண்டும் என்பதும் உண்டு. இதைக் காட்டினால் வேலை போய்விடும் என்று சிலர் பயந்தார்கள், அந்தப் பயம் நியாயமானது, ஒன்றிரண்டு வேலை போகவும் செய்தது. ஆனால் நிதி கொடுக்கும் இடங்கள் பலவற்றில் இப்போது ஏஐ பயன்படுத்தியதைச் சொல்லச் சொல்லிக் கேட்கிறார்கள், அதனால் எங்கள் காகிதத்தைப் பார்த்து நிம்மதிப்பட்டவர்களும் இருக்கிறார்கள்.

நானும் ஏஐயைத் தொடுவதில்லை என்று சொல்ல வரவில்லை. காட்சி எண்களை ஒழுங்குபடுத்த, நீண்ட நேர்காணல் பதிவைத் தட்டச்சாக்க உதவுகிறது, ஈழத்துப் பேச்சில் பாதியைப் பிழையாகக் கேட்டாலும். சிங்களச் சப்டைட்டிலுக்கு மட்டும் இன்னும் மொழிபெயர்ப்பாளரிடம்தான் போகிறேன். அவரும் எங்களைப் போலத்தான், திருத்தக் காசுக்கு முழு வேலை செய்துகொண்டிருக்கிறார்.

இப்போது அந்த மூதூர்த் தங்கச்சிக்கு ஒரு வெப் தொடர் வேலை வந்திருக்கிறது, தனியாக, முதல் டிராஃப்டில் இருந்து. எங்கள் காகிதத்தில் இருந்த எல்லாவற்றுக்கும் தயாரிப்புத் தரப்பு ஒத்துக்கொண்டது, அவளுடைய ஸ்கிரிப்டை ஏஐக்குள் போட்டு அடுத்த சீசனை எழுதக் கூடாது என்ற வரியைத் தவிர. அதை மட்டும் எடுத்துவிட்டு அனுப்பச் சொல்கிறார்கள். எடுக்க வேண்டாம், நாளைக்கு நானும் கூட வந்து கதைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.