நீங்க படிச்சிட்டீங்களா?

"அக்கா, என் ஃபைலும் அந்தக் கட்டுல இருக்கா?" என்று கேட்டாள், குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்து, அத்தகைய இல்லங்களைப் பற்றிய எங்கள் ஆய்வில் சேர்ந்திருந்த பெண். இருக்கு என்றேன். "நீங்க படிச்சிட்டீங்களா?" படிச்சிட்டேன் என்றேன். அடுத்து என்ன கேட்பாள் என்று தெரிந்து, அவள் வாய் திறப்பதற்குள் "அதைக் காட்ட எனக்கு அனுமதி இல்லம்மா" என்று முந்திக்கொண்டேன். அந்த அவசரம்தான் இன்னும் உறுத்துகிறது.

அனுமதி இல்லை என்பது பொய்யில்லை. பிள்ளைகளை இல்லத்தில் சேர்ப்பதை முடிவு செய்யும் குழந்தைகள் நலக் குழு, ஃபைல்களைப் பார்க்கக் கொடுத்த கடிதத்தில் எங்கள் மூன்று பேர் பெயர்தான் இருந்தது. ஹோமில் வளர்ந்து 18 முடிந்து வெளியே வந்தவர்களை 'இணை ஆய்வாளர்கள்' என்று சேர்த்திருந்தோமே, அவர்கள் பெயர் இல்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்களோ என்னவோ, நாங்கள் கேட்கவே இல்லை. பிள்ளைகளிடம் பேச அவர்கள் வேண்டும், ஃபைல் என்று வந்தால் மட்டும் நாங்கள் போதும்.

இத்தனைக்கும் கேள்வித்தாளில் உருப்படியான கேள்வி அவள் போட்டதுதான்: 'இங்கே வருவதற்கு முன்னால் உன்னிடம் யாராவது கேட்டார்களா?' நாங்கள் எழுதி வைத்திருந்தது சாப்பாடு, கழிப்பறை, புகார்ப் பெட்டி. அந்தக் கேள்விக்காகத்தான் ஃபைல்களை மறுபடி புரட்டினோம். பிள்ளையின் குடும்ப நிலையை விசாரித்து எழுதும் சமூக விசாரணை அறிக்கைகளில், ஒன்றுக்குப் பின் ஒன்றாக, 'சிறுமி இல்லத்தில் தங்கிப் படிக்க விருப்பம் தெரிவித்தாள்' என்று எழுத்து மாறாமல் ஒரே வரி. அவளுடையதிலும். அப்போது அவளுக்கு வயது 9. எழுதியவரைத் திட்டவும் மனசு வரவில்லை, 15 நாளுக்குள் விசாரணையை முடி என்கிறது சட்டம், அலைந்து பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும்.

அவள் ஃபைலில் அம்மாவைப் பற்றியும் நாலு வரி இருக்கிறது. அதை ஹாஸ்டலில் தனியாக உட்கார்ந்து படித்தால் என்ன ஆவாள், அதனால்தான் மறுத்தேன் என்று கொஞ்ச நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அவள் கேட்ட நிமிஷத்தில் அந்த நாலு வரி என் நினைவிலேயே இல்லை. அனுமதிக் கடிதம் ரத்தாகிவிடுமே என்பதுதான் இருந்தது.

2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 99-ஆம் பிரிவை அப்புறம்தான் நிதானமாகப் படித்தேன். அறிக்கைகள் ரகசியம்தான், ஆனால் குழு சரியென்று நினைத்தால் அதன் சாரத்தைப் பிள்ளைக்கே சொல்லலாமாம். 19 வயதுக்காரியைப் பிள்ளை என்று ஒப்புக்கொள்வார்களா என்பது வேறு வம்பு.

அந்த ஒற்றை வரியைப் பற்றி எங்கள் அறிக்கையில் ஓர் அத்தியாயமே எழுதினோம். வரைவை அவளுக்கும் அனுப்பினேன், தன்னுடைய ஃபைலும் அதில் ஒன்று என்று ஊகித்திருப்பாள். "நல்லா வந்திருக்கு மேடம்" என்று பதில் வந்தது. அதுவரை அக்காதான்.

99-ஆம் பிரிவைப் பற்றி அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.