இரண்டு குடத்தில் நாலு படம்

ஜூன் 9, 2019, ஞாயிறு

குளியலறைக் கதவிடுக்கில் போர்வையை அடைத்து, சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு மூன்று மணி நேரத்தில் நாலு பிரிண்ட் போட்டேன். எல்லாம் 8×10 அங்குலம், இல்ஃபோர்டு ஃபைபர் பேப்பர், அதாவது பிளாஸ்டிக் பூசாத நார்க் காகிதம். நெகட்டிவ் அப்பாவுடையது. 1974-இல் தாத்தாவைத் திண்ணையில் உட்காரவைத்து அக்ஃபா கிளிக் 3 கேமராவில் எடுத்தது. அப்பா அப்போதே போட்ட பிரிண்ட் பீரோவில் இருக்கிறது. தாத்தாவின் சட்டை மேல் டிகாஷன் சிந்தின மாதிரி பழுப்புத் திட்டு. படத்தை நிலைநிறுத்தப் போடும் மருந்தான ஹைப்போ போகக் கழுவவில்லை. பேப்பரில் தங்கிய ஹைப்போ மெல்லச் சிதைந்து, படத்தின் வெள்ளியைச் சல்பைடாக்கிவிடும். சென்னைப் புழுக்கம் அதற்கு இன்னும் தோது.

சரி, நான் ஒழுங்காகக் கழுவலாம் என்று உட்கார்ந்தால் குழாயில் காற்றுதான் வருகிறது. ஃபைபர் பேப்பருக்குப் பழைய கணக்கு, ஓடும் தண்ணீரில் ஒரு மணி நேரம். இருபுறமும் பிளாஸ்டிக் பூசிய ஆர்.சி. பேப்பர் என்றால் இரண்டே நிமிஷம், மருந்து உள்ளே இறங்காது. ஃபைபர் அப்படியில்லை. சாம்பாரில் போட்ட இட்லி மாதிரி அடிவரை குடித்துவிடும்.

"தெருவே குடத்தோட லாரிக்கு நிக்குது. நீ படத்தைக் குளிப்பாட்டப் போறியாடா?" என்றாள் அம்மா. நாலு பிரிண்டையும் ட்ரேயில் கொஞ்சம் தண்ணீரில் முக்கி வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

ஜூன் 10

ராத்திரி முழுக்க ஊறவிட்டது தப்பு. வெதுவெதுப்பான தண்ணீரில், படம் பதிந்திருக்கும் ஜெலட்டின் பூச்சு இளகி, ஒரு பிரிண்டின் ஓரம் வெயிலில் உரிந்த தோல் போலக் கிளம்பிவிட்டது. மிச்சம் மூன்றையும் கழுவாமலே காயப்போட்டேன். சோதனைக்கு ஆகும்.

ஜூன் 15, சனி

சமையலறைத் தராசை எடுத்தேன். காய்ந்த பிரிண்ட் 15 கிராம். நனைத்து, மூலையைப் பிடித்துச் சொட்டவிட்டு நிறுத்தால் 30. ஆக ஒரு பிரிண்ட் தூக்கிவருவது 15 மில்லி மருந்து. நாலுக்கு 60. அதை 3 லிட்டர் தண்ணீரில் போட்டால் ஐம்பதில் ஒரு பங்காக நீர்த்துப்போகும். தண்ணீரை மாற்றினால் அதில் மறுபடி ஐம்பதில் ஒரு பங்கு. கணக்குப்படி மூன்று நாலு மாற்றில் ஒன்றுமே இருக்கக்கூடாது.

ஆனால் ஹைப்போ பேப்பரின் நாரை விட்டு அவ்வளவு சுலபமாக வெளியே வராது, ஊறி ஊறித்தான் வரும். அதற்கு வேண்டியது நேரம். குழாயைத் திறந்துவிட்டால் தண்ணீர்தான் ஓடும், ஹைப்போ அதே வேகத்தில் ஓடாது. இத்தனை வருஷம் குழாயடியில் நின்று எத்தனை குடம் சாக்கடைக்கு அனுப்பியிருப்பேன்! பழைய வேகத்தில் நிமிஷத்துக்கு 5 லிட்டர் வரும். ஒரு மணிக்கு 300 லிட்டர், அதாவது 20 குடம்.

ஜூன் 16, ஞாயிறு

விடியற்காலையில் திருவான்மியூர் கடற்கரை. 10 லிட்டர் கேனில் கடல் தண்ணீர் மொண்டேன். வலை பிரித்துக்கொண்டிருந்தவர் "மீன் தொட்டிக்கா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்ல?

கிறுக்குத்தனம் இல்லை இது. இரண்டாம் உலகப்போரில் கப்பல்களில் நல்ல தண்ணீருக்குத் தட்டுப்பாடு. அப்போது கடல் தண்ணீரில் கழுவிப் பார்த்தார்கள். நல்ல தண்ணீரைவிட அது ஹைப்போவைச் சீக்கிரம் வெளியேற்றியது. உப்பின் அயனிகள் நாரிலும் ஜெலட்டினிலும் ஒட்டியிருக்கும் ஹைப்போவை இடம்பெயர்த்துத் தள்ளிவிடும். ஆனால் உப்பு தங்கினால் அதுவும் படத்துக்கு ஆகாது, கடைசியில் நல்ல தண்ணீர் அவசியம். இந்த வழியில் போய்த்தான் கோடக், ஹைப்போவைச் சீக்கிரம் வெளியேற்றும் 'ஹைப்போ கிளியரிங் ஏஜென்ட்' மருந்தைக் கொண்டுவந்தது. அதில் முக்கியச் சரக்கு சோடியம் சல்ஃபைட்.

கேன் தண்ணீரை வேட்டித் துணியில் வடிகட்டி ஒரு பிரிண்டை அலசி, பின்னால் இரண்டு முறை லாரித் தண்ணீரில் அலசினேன். அப்படியும் இரண்டு மணல் ஒட்டிக்கொண்டது.

ஜூன் 20

மழை! 196 நாள் கழித்து. மொட்டைமாடியில் அண்டா, வாளி, டெவலப்பர் ட்ரே எல்லாம் வைத்தேன். ட்ரே அடி நனைந்தது.

ஜூன் 23, ஞாயிறு

நேற்று பாரிமுனையில் அரைக் கிலோ சல்ஃபைட் வாங்கினேன். லிட்டருக்கு 20 கிராம்.

இன்று புதிதாக நாலு பிரிண்ட். பழைய ஹைப்போவில் பத்து நிமிஷம் போடுவதை விட்டு, அதே வேலையை வேகமாகச் செய்யும் ரேபிட் ஃபிக்சர், ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர், ஒரே நிமிஷம். நாருக்குள் குறைவாக இறங்கினால் வெளியேற்றுவதும் குறைவுதானே. அப்புறம் 3 லிட்டரில் ஐந்து நிமிஷம், சல்ஃபைட் 2 லிட்டரில் பத்து நிமிஷம், பிறகு ஐந்து முறை மும்மூன்று லிட்டர், ஒவ்வொன்றும் பத்து நிமிஷம். ஒன்றோடொன்று ஒட்டாமல் அடிப் பிரிண்டை உருவி மேலே போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், சீட்டுக்கட்டு குலுக்குவதுபோல. இடுப்பு போயிற்று.

மொத்தம் 20 லிட்டர். இரண்டு குடம் கூட ஆகவில்லை. முதல் தண்ணீரில் ஹைப்போவும் வெள்ளியும் இருக்கும், அதைச் செடிக்கு ஊற்ற முடியாது, டாய்லெட்டுக்கு. கடைசி மூன்றில் வீடு துடைத்தாயிற்று.

ஜூன் 25

டிஸ்டில்ட் வாட்டரில் அசிட்டிக் அமிலம், முக்கால் கிராம் சில்வர் நைட்ரேட். 100 மில்லி கரைசல். பிரிண்டின் வெள்ளை ஓரத்தில் ஒரு சொட்டு வைத்து இரண்டு நிமிஷம் பார்த்தேன். ஹைப்போ இருந்தால் பழுப்பேறும். கழுவாத பிரிண்டில் கருப்பட்டி நிறம். கடல் தண்ணீர் பிரிண்டில் வெளிர் மஞ்சள். ஞாயிறன்று கழுவியதில், சொட்டு வைத்த இடத்தைத் தேட வேண்டியிருந்தது. என் ஆட்காட்டி விரல்தான் கருத்துவிட்டது, தேர்தல் மை மாதிரி.

அம்மாவிடம் காட்டினேன். அப்பாவின் பிரிண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "அப்பவும் தண்ணி கஷ்டம்தான். நான் அடிபம்புல அடிச்சுக் கொண்டுவந்து வைப்பேன். உங்கப்பா எல்லாத்தையும் ஒண்ணா முக்கி எடுத்துடுவார். இன்னொரு குடம் கேக்க அவருக்குக் கூச்சம்."

இது எனக்குத் தெரியாது.

ஜூலை 12, வெள்ளி

ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்துவிட்டது. 50 வேகன், 25 லட்சம் லிட்டர், வில்லிவாக்கத்தில் வரவேற்பெல்லாம் நடந்தது. எங்கள் தெருவுக்கு வழக்கம்போல் லாரிதான். வரிசையில் அம்மாவோடு நானும் நின்றேன். ஏழு குடம் கிடைத்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மா பச்சைக் குடங்கள் இரண்டின் கழுத்தில் சணல் கயிறு கட்டினாள்.

"இது ரெண்டும் படத்துக்கு. மத்ததுல கை வெச்சே, தெரியும்."