பழைய உலோக ட்ரேக்கள்: துடைப்பதிலிருந்து சுவரில் மாட்டுவது வரை

இந்தச் சுற்றில் கையில் எடுத்தவை மூன்று வகை: படம் அச்சிட்ட தகர ட்ரேக்கள், பித்தளை, வெள்ளி முலாம். தகரம் முடிந்து சுவருக்குப் போய்விட்டது. பித்தளையில் பாதி பாக்கி.

தண்ணீரில் நனைப்பதற்கு முன் காந்தம் வைத்துப் பார்க்க வேண்டும். ஒட்டினால் உள்ளே இருப்பது இரும்புத் தகடு. மேலே பித்தளையாக மின்னினாலும் அது வெறும் முலாம், அழுத்தித் தேய்த்தால் போய்விடும். ஒட்டாமல், கைக்கு லேசாக இருந்தால் அலுமினியம். பின்புறம் ஈ.பி.என்.எஸ். என்று முத்திரை இருந்தால் செம்பு, துத்தநாகம், நிக்கல் கலந்த உலோகத்தின் மேல் பூசிய வெள்ளி முலாம்.

தகர ட்ரேயில் அதிகம் கெடுவது சுத்தம் செய்கிறேன் என்று இறங்கும்போதுதான். தகட்டின் மேல் வெள்ளை அடிப்பூச்சு, அதன்மேல் நிறங்கள், எல்லாவற்றுக்கும் மேலே வார்னிஷ் என்று அடுக்கடுக்காக இருக்கும். அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவமும் தின்னரும் வார்னிஷைக் கரைத்துவிடும். முதலில் காணாமல் போவது பொன்னிறம். அது பெரும்பாலும் உலோகத் தூள், வார்னிஷ் போனதும் பிடிப்பு இல்லாமல் துணியோடு வந்துவிடும். மெலமைன் பஞ்சு மென்மையாகத் தெரிந்தாலும் நுண்ணிய உப்புத்தாள் மாதிரிதான் வேலை செய்யும்.

ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில துளிகள் போதும். காதுகுடையும் பஞ்சுக்குச்சியை அதில் நனைத்து ஒரு மூலையில் உருட்டிப் பாருங்கள். பஞ்சில் அழுக்கு வந்தால் தொடரலாம், நிறம் வந்தால் அதோடு நிறுத்திவிட்டு உலர்ந்த மென்தூரிகைக்கு மாறுங்கள். துணியை நன்றாகப் பிழிந்தே துடைக்க வேண்டும். ஊறப் போடவே கூடாது: சுருட்டி மடித்த விளிம்புக்குள் நீர் இறங்கினால் துரு உள்ளிருந்து கிளம்பும், சில மாதம் கழித்துத்தான் கண்ணுக்குத் தெரியும். துடைத்தவுடன் மிதமான சூட்டில் ஹேர் டிரையர் காட்டினால் அந்த மடிப்பும் காய்ந்துவிடும்.

முகப்பில் உள்ள துருப்புள்ளிகளைச் சுரண்டுவதில் லாபமில்லை. சுற்றியுள்ள நிறமும் சேர்ந்து உதிரும். பூச்சில்லாத பின்பக்கத்தை மட்டும் மிக நுண்ணிய 0000 ரக ஸ்டீல் ஊல் (மெல்லிய எஃகு இழைப் பஞ்சு), இரண்டு சொட்டு மெஷின் எண்ணெய் வைத்துத் தேய்த்து, பிசுக்கை ஸ்பிரிட்டால் துடைத்துவிடலாம். பிறகு இரண்டு பக்கமும் மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு, அதாவது ஈரம் படாமல் காக்கும் நுண்படிக மெழுகு. ஒரு பக்கத்துக்குப் பட்டாணி அளவு போதும். பத்து நிமிடம் விட்டு மெருகேற்ற வேண்டும். அதிகம் பூசினால் வெண்படலம் கட்டி, தூசியும் ஒட்டும். சொட்டை விழுந்திருந்தால் அப்படியே விடுவதே மேல். தட்டி நிமிர்த்தினால் தகடு வளையும், பூச்சு வளையாது; வெடித்து உதிரும்.

வயதைப் பற்றிக் கொஞ்சம். 1875இல் இங்கிலாந்தில் ராபர்ட் பார்க்ளே தகரத்தில் ஆஃப்செட் முறையில் (படத்தை இடையில் ஒரு பரப்பில் பதித்து, அங்கிருந்து தகட்டுக்கு மாற்றுவது) அச்சிடக் காப்புரிமை பெற்றார். விளம்பரத் தகர ட்ரேக்கள் பெருகியது அதற்குப் பின்புதான். விளிம்பில் அச்சிட்ட ஆண்டை மட்டும் நம்ப வேண்டாம், மறுபதிப்புகளில் மூலப்படத்தின் ஆண்டே இருப்பதுண்டு. தேய்மானம் எங்கே என்று பார்ப்பது நம்பகமானது. உண்மையில் புழங்கிய ட்ரேயில் பிடிக்கும் விளிம்பும் கண்ணாடிக் கோப்பை உரசிய நடுப்பகுதியும் தேய்ந்திருக்கும். துரு எல்லா இடத்திலும் ஒரே சீராக இருந்தால் யாரோ வேண்டுமென்றே வரவழைத்தது.

பித்தளைக்கு எலுமிச்சையும் உப்பும் போட்டால் பச்சைக் களிம்பு போகும். நெடுநேரம் விட்டால் துத்தநாகம் கரைந்து செம்பு மேலே தெரிந்து, ட்ரே ரோஜா நிறத்துக்கு மாறும். இரண்டு மூன்று நிமிடத்தில் கழுவிவிடுங்கள். திட்டுத்திட்டாகக் கறுத்திருந்தால் மேலே பழைய லாக்கர், அதாவது மினுக்கம் காக்கப் பூசிய நிறமற்ற பூச்சு, இருக்கிறது என்று அர்த்தம். அது அசிட்டோனுக்கு வந்துவிடும், எடுக்காமல் எந்தப் பாலிஷும் பிடிக்காது. அலுமினியத்துக்குச் சமையல் சோடா ஆகாது, கறுத்துவிடும். வெள்ளி முலாமுக்கு வருடத்துக்கு ஒரு பாலிஷே அதிகம்; ஒவ்வொரு தேய்ப்பிலும் கொஞ்சம் வெள்ளி போகிறது.

பழைய பெயின்ட்டில் காரீயம் இருக்கலாம். சோதனைக் குச்சியால் பார்க்காமல் உப்புத்தாள் போடக் கூடாது, உணவை நேரடியாக வைக்கவும் கூடாது.

சுவரில் மாட்டும்போது கம்பி ஸ்பிரிங் கொக்கி விளிம்புப் பூச்சை நிச்சயம் கொத்தும், கொக்கி நுனியில் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் செருகினால் ஒழிய. இரும்புத் தகட்டு ட்ரேக்கு, நடுவில் திருகுத் துளை உள்ள நியோடிமியம் காந்தங்களைச் சுவரில் பதிப்பது எங்களுக்குப் பிடித்த வழி. ஆனால் உறையில் போட்டிருக்கும் கிலோ கணக்கு நேராக இழுக்கும்போது கிடைக்கும் பிடி. ட்ரே கீழ்நோக்கிச் சறுக்கும் திசையில் அதில் கால் பங்கு கிடைத்தாலே பெரிது, மெல்லிய தகடு அதையும் குறைக்கும். அதனால் காந்தத்தின் மேல் மட்டும் எடையை விடாமல், கீழ் விளிம்பைத் தாங்க இரண்டு ஆணிகள் அடித்து, அவற்றிலும் குழாய் செருகினோம்.

ஒட்டும் வட்டக் கொக்கி பித்தளைக்குச் சரி. பிசுக்கு நீக்கிய, மெழுகு படாத இடத்தில் ஒட்டி ஒரு முழு நாள் காயவிட வேண்டும். முதலில் மெழுகு பூசிவிட்டு ஒட்டினால் விழும்.

ட்ரேக்களின் அளவில் செய்தித்தாளை வெட்டி முதலில் சுவரில் ஒட்டிப் பார்த்தோம். பெரியதை நடுவிலிருந்து சற்றுத் தள்ளி, தரையிலிருந்து அதன் மையம் 150 செ.மீ. வரும்படி வைத்து, மற்றவற்றை 5 முதல் 7 செ.மீ. இடைவெளியில் சுற்றிலும் அடுக்கியது நன்றாக வந்தது. வெளிச்சுவரானால் பின்னால் ஃபெல்ட் பொத்தான்கள் ஒட்டிக் காற்றுக்கு இடம் விட வேண்டும், ஈரம் தேங்கினால் துருதான். நேரடி வெயில் விழும் சுவரில் தகர ட்ரே வேண்டாம், சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளிறும். அந்த இடத்தைப் பித்தளைக்கு ஒதுக்கியிருக்கிறோம்.