டப்புக்கு டிரிப்ஸ் ஏற்றிய கதை

எங்கள் வீட்டு ஹாட் டப்பை, அதாவது வெளியே வைத்து உட்கார்ந்து குளிக்கும் வெந்நீர்த் தொட்டியை, உப்புத் தண்ணீருக்கு மாற்றி இது இரண்டாவது குளிர்காலம். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "அப்போ இதில் குளோரினே கிடையாதா?" இருக்கிறது. முன்பு டப்பாவில் வாங்கி அளந்து போட்டதை இப்போது டப்பே தயாரித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். உப்பு கரைந்த தண்ணீர் 'செல்' என்ற கருவியின் டைட்டானியத் தகடுகளுக்கு நடுவே போகும்போது மின்சாரம் பாய்ந்து குளோரின் உண்டாகிறது. அது கிருமியைக் கொன்றுவிட்டு மறுபடி குளோரைடாகிவிடும். அதனால் உப்பு தீராது. தண்ணீர் வெளியே தெறித்தாலோ மொத்தமாக மாற்றினாலோதான் மறுபடி போட வேண்டும்.

எங்கள் டப் 1,400 லிட்டர். லிட்டருக்கு 2 கிராம் வீதம் 2.8 கிலோ உப்பு போதும். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் இருக்கும் என்பதால் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள், நாக்கில் பட்டால்கூடப் பெரிதாகக் கரிக்காது. கடையில் 20 கிலோ மூட்டையாகத்தான் கிடைத்தது, மீதியை எல்லாம் வாசலில் உறைந்த பனிமேல் தூவித் தீர்த்தேன். சமையலறை உப்பைக் கொட்டிவிடாதீர்கள். இங்கே கனடாவில் மேசை உப்பில் அயோடின் சேர்ப்பது கட்டாயம், கட்டிதட்டாமல் இருக்க வேறு பொடியும் கலந்திருப்பார்கள்.

முதலில் வாங்கியது, செல்லைத் தண்ணீரில் தொங்கவிடும் வகை. பொருத்துவதற்கு இரண்டு நிமிடம். ஆனால் அதன் மின்கம்பி டப்பின் விளிம்பு மேல் ஏறி மூடிக்கு அடியில் வெளியே வரும், மூடி அந்த இடத்தில் சரியாக உட்காராது, அந்த இடுக்கு வழியாக நாள் முழுக்க ஆவி போய்க்கொண்டே இருக்கும். உள்ளே உட்கார்ந்தால் செல் காலில் இடிக்கும். "டப்புக்கு டிரிப்ஸ் ஏத்துற மாதிரி இருக்கு" என்றாள் மனைவி. அதற்கப்புறம் எனக்கும் அப்படியேதான் தெரிந்தது. சரி, குழாய்க்குள்ளேயே செல்லை வைத்துவிடலாம் என்று முடிவெடுத்தேன். டப்பின் உடலில் ஓட்டை போட்டுக் கம்பியை உள்ளே இழுக்கலாம் என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். அதை மட்டும் செய்யவே கூடாது.

பக்கவாட்டுப் பலகையைக் கழற்றினால் உள்ளே பெரிய ஜெட் பம்ப், அதற்குப் பக்கத்தில் 24 மணி நேரமும் ஓடும் சின்னப் பம்ப். சின்னப் பம்பிலிருந்து முக்கால் அங்குல ஹோஸ் ஹீட்டருக்குப் போய், அங்கிருந்து டப்புக்குத் திரும்புகிறது. செல் உட்கார வேண்டிய இடம் ஹீட்டருக்கு அப்புறம் வரும் ஹோஸில்தான், ஏனென்றால் செல்லிலிருந்து வரும் காட்டமான தண்ணீர் நேராக ஹீட்டர் கம்பியில் போய்ப் படக் கூடாது. அதே ஹோஸில் தண்ணீரைச் சுத்தப்படுத்தும் ஓசோன் கருவியும் இருந்தது. ஓசோனும் குளோரினும் ஒன்றையொன்று தின்னும் என்பதால் அதைக் கழற்றிவிட்டேன்.

இன்னொன்று, ஒரு தகட்டில் குளோரின் வரும்போது மறு தகட்டில் ஹைட்ரஜன் வரும். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் அது சின்னக் குமிழிகளாகப் போய்விடும். தண்ணீர் நின்று செல் மட்டும் ஓடினால் வாயு உள்ளேயே சேரும், அது விளையாட்டு விஷயம் இல்லை. அதனால் தண்ணீர் நின்றால் செல்லை அணைக்கும் ஃப்ளோ ஸ்விட்ச் ஒன்று வைத்தேன், செல்லை நெட்டுக்குத்தாக நிறுத்தித் தண்ணீர் கீழிருந்து மேலே போகும்படி இணைத்தேன்.

ஹோஸ் வினைல் வகை, அதில் பிவிசி பசை பிடிக்காது. பல் வைத்த ஃபிட்டிங்கைச் செருகி, இணைப்புக்கு இரண்டு ஸ்டெயின்லெஸ் கிளாம்ப் போட்டு முறுக்க வேண்டும். எங்கள் டப்பில் சூடு போகாமல் காக்கும் ஃபோம் பலகையின் உட்பக்கம் மட்டும்தான். முழுக்க ஃபோம் அடைத்த டப் என்றால் ரொட்டி வெட்டும் கத்தியோடு உட்கார்ந்து குழாயைத் தோண்டி எடுக்க வேண்டியிருக்கும், பாவம்.

இங்கேதான் நான் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். செல்லுக்கு முன்னும் பின்னும் வால்வு வைத்தால் இணைப்பு கூடும், இணைப்பு கூடினால் ஒழுகும் இடமும் கூடும் என்று கணக்குப் போட்டு வால்வே வைக்கவில்லை. செப்டம்பரில் பார்க்க அத்தனை அழகாக இருந்தது. ஜனவரியில் செல்லின் விளக்கு சிவப்பாக எரிந்தது, தகடுகளில் சுண்ணாம்பு படிந்திருக்கிறது. செல்லைக் கழற்ற வேண்டுமென்றால் டப்பையே காலி செய்ய வேண்டும், வெளியே மைனஸ் 18. தண்ணீர் இல்லாத டப்பை அந்தக் குளிரில் விட்டால் குழாய்களில் தேங்கிய மிச்சத் தண்ணீர் உறைந்து வெடித்துவிடும். கடைசியில் ஹோஸைத் துணி சுற்றி இரண்டு பக்கமும் வைஸ் கிரிப் இடுக்கியால் நெரித்துப் பிடித்துக் கழற்றினேன். ஒரு பக்கம் சரியாக நெரியவில்லை, 40 டிகிரித் தண்ணீர் என் சட்டைக் கைக்குள் இறங்கியது, சமையலறைக் கதவுக்கு வந்து சேர்வதற்குள் சட்டைக் கை விறைத்துவிட்டது.

வசந்தத்தில் செல்லின் இரண்டு பக்கமும் தண்ணீரை அடைக்கும் பால் வால்வும் (ball valve), கையால் கழற்றி மாட்டும் யூனியன் இணைப்பும் வைத்தேன். இப்போது ஐந்து நிமிடத்தில் செல் கையில் வந்துவிடும், வினிகரில் ஊறவைத்துக் கழுவித் திரும்ப மாட்டிவிடுகிறேன். பார்க்க முன்பு போல அவ்வளவு அழகாக இல்லை, பலகைக்குப் பின்னால்தானே இருக்கிறது.

செல்லின் கன்ட்ரோல் பெட்டியைப் பலகைக்கு உள்ளே மேல்பக்கமாக வைத்தேன், கீழே வைத்தால் என்றைக்காவது ஒழுகும் தண்ணீரில் மூழ்கும். கம்பி பெட்டிக்குள் நுழையுமுன் கொஞ்சம் கீழே தொங்கி மேலேறினால் அதன் வழியே வடியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். செல் குறைந்த வோல்ட்டில் ஓடுவதுதான், டப்போ 240 வோல்ட். பலகையைத் திறக்குமுன் பிரேக்கரையே அணைத்துவிடுங்கள், டப்பின் பொத்தானை நம்பாதீர்கள். அந்த 240 பக்கம் எதையும் தொட வேண்டியிருந்தால் உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

செல்லைப் பெரிதாக வாங்காதீர்கள். ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஏட்டுக் கணக்கில் 1.3 கிராம் குளோரின். எங்கள் தண்ணீரில் 4 பிபிஎம் (லிட்டருக்கு 4 மில்லிகிராம்) குளோரின் என்றால் மொத்தமே 5.6 கிராம்தான். முதல் வாரம் அளவு தெரியாமல் கூட்டி வைத்ததில் மூடியைத் திறந்தாலே கண் எரிந்தது. பிஎச் மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும், ஆல்கலினிட்டியை (தண்ணீரின் காரத்தன்மையை) 60 பிபிஎம் பக்கம் தாழ்த்தி வைத்தபிறகு ஆசிட் ஊற்றுவது பாதியாகக் குறைந்தது.

ஹீட்டர் இன்னும் பழைய ஸ்டெயின்லெஸ்தான். உப்பில் அது எத்தனை நாள் தாங்கும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன், போனால் டைட்டானியம் போட வேண்டும். ஹோஸை வெட்டிய அன்றே டப்பின் வாரண்டியை மறந்துவிட்டேன்.