மகள் எடுத்து வந்த புகைப்படப் புத்தகங்கள்

அட்லாண்டாவுக்குக் குடிவந்த புதிதில் இந்த மண்ணின் வரலாறு என்றால் எனக்குத் தெரிந்தது மார்ட்டின் லூதர் கிங் ஒருவரைத்தான். மற்றதெல்லாம் மகள் நூலகத்திலிருந்து எடுத்து வந்த, கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தைப் பற்றிய புகைப்படப் புத்தகங்களில் தெரிந்துகொண்டது. பிப்ரவரி மாதம் கறுப்பின வரலாற்று மாதம் என்பதால், குழந்தைகள் பகுதியில் இவற்றைத் தனி மேசை போட்டு அடுக்கிவைப்பார்கள். பக்கம் முழுக்கக் கறுப்பு வெள்ளைப் படம், கீழே நாலு வரி.

ஒரு படத்தைத் தாண்டிப் போகவே மனம் வரவில்லை. 1957 செப்டம்பர் 4, ஆர்கன்சாவின் லிட்டில் ராக் நகரில் வில் கவுன்ட்ஸ் எடுத்தது. வெள்ளையர் மட்டுமே படித்துவந்த சென்ட்ரல் ஹைஸ்கூலுக்கு 15 வயதுக் கறுப்பினப் பெண் எலிசபெத் எக்ஃபோர்ட் முதல் நாள் போகிறாள். கறுப்புக் கண்ணாடி, கையில் நோட்டு, தானே தைத்துப் போட்டுக்கொண்ட உடை. மற்ற எட்டு கறுப்பின மாணவர்களோடு சேர்ந்து போவதாக ஏற்பாடு. வீட்டில் போன் இல்லாததால் அவளுக்குத் தகவல் வரவில்லை. தனியாகப் போய், எதிர்த்து நின்ற வெள்ளையர் கூட்டத்தில் மாட்டிக்கொண்டாள். பின்னாலேயே வாயைப் பிளந்து கத்திக்கொண்டு வருகிற வெள்ளைக்காரியும் 15 வயதுப் பெண்தான்.

"அங்க சிப்பாய்ங்க இருந்தாங்களே, ஏம்மா காப்பாத்தல?" என்று மகள் கேட்டாள். எலிசபெத்தை உள்ளே விடாமல் தடுக்க ஆளுநரே அனுப்பிய படை அது என்று சொன்னேன். அதன் பிறகு அவள் வெகுநேரம் அந்தச் சிப்பாய்களைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

சின்னப் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் காட்டலாமா என்று தோழிகள் சிலர் கேட்கிறார்கள். காட்டத்தான் வேண்டும் என்பேன். 1963 மே மாதம் அலபாமா மாநிலத்தின் பர்மிங்காமில் தீயணைப்புக் குழாயின் தண்ணீர் சுவரோடு அறைந்தது உரிமை கேட்டு ஊர்வலம் போன பள்ளிப் பிள்ளைகளைத்தானே? சார்லஸ் மூர் எடுத்த அந்தப் படங்கள் பத்திரிகைகளில் வந்த பிறகுதான் பலருக்கு உறைத்தது.

நம்மவர்களுக்கு இந்தப் போராட்டத்தால் நேரடிப் பலனும் இருக்கிறது. 1965 மார்ச்சில் வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போன கறுப்பின மக்கள் அலபாமாவின் செல்மா நகரப் பாலத்தில் அடிபட்டார்கள். ஆகஸ்ட்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தது. அதே வேகத்தில் அக்டோபரில் குடியேற்றச் சட்டமும் மாறியது. அதுவரை இந்தியாவுக்கு ஒதுக்கியிருந்தது வருடத்துக்கு 100 பேர். எங்கள் தமிழ்ச் சங்கத்தில் இன்று மூத்தவர்களாக இருக்கும் டாக்டர்களும் இன்ஜினியர்களும் அந்தச் சட்டம் திறந்துவிட்ட வழியில் வந்தவர்கள்தான். ஆனால் சங்கத்து மேடையில் ஒருமுறைகூட யாரும் இதைச் சொல்லிக் கேட்டதில்லை, அது எனக்குப் பெரிய வருத்தம்.

தமிழ்ப் பள்ளி அலமாரிக்கு இந்தப் புத்தகங்களில் இரண்டு வாங்கச் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு படத்துக்கும் தமிழில் குறிப்பு எழுதும் வேலையை நானும் மகளும் எடுத்துக்கொண்டோம். லிட்டில் ராக் படத்துக்கு அவளேதான் எழுதுவாளாம்.