சொன்னதைக் கேட்கும் சனமா?

எங்கள் தொடர்மாடியில் லிப்ட் பழுதான நாட்களில் அரசியல் பேச்சு படிக்கட்டில்தான் நடக்கும். போன வாரம் மூன்றாம் மாடி மாமா இரண்டு கையிலும் மரக்கறிப் பையுடன் நடுப்படியில் நின்று மூச்சு வாங்கியபடி சொன்னார்: "சீனர்கள் சொன்னதைக் கேட்கும் சனம், பிள்ளை. ஆட்சியில் இருப்பவனை அவர்களுக்குப் பிடிக்கும். அதனால்தான் கடலை நிரப்பி நகரம் கட்டுகிறார்கள். எங்களுக்கும் அப்படி ஒரு இரும்புக் கை வேண்டும்."

நான் பதில் பேசவில்லை. ஒரு பையை வாங்கிக்கொண்டு அவரோடு மேலே ஏறினேன். ஆனால் அந்தச் சொல் என்னோடு வீட்டுக்குள் வந்துவிட்டது. அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நான் கொழும்பு வெள்ளவத்தையில் வீட்டில் வைத்து ஆங்கிலம் கற்பிக்கிறவள். 2021 கடைசியிலிருந்து ஒரு வருடத்துக்கும் மேலாக ஒரு சீனப் பெண் என்னிடம் படித்தாள். கொழும்பில் ஒரு அலுவலகத்தில் கணக்கு வேலை. என்னை 'லாவோஷி' என்று அழைப்பாள். அவர்கள் மொழியில் ஆசிரியரை அப்படித்தான் அழைப்பார்களாம். அவளுடைய பெயரை எழுதமாட்டேன். சில அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன். இப்போது அவள் சீனாவிலும் இல்லை, இலங்கையிலும் இல்லை. தாய் மட்டும் இன்னும் ஹெனான் மாகாணத்தில் இருக்கிறார்.

முதல் சில மாதங்கள் ஊர்ப்பெருமை பேசினாள். ஹெனானின் தலைநகர் ஜெங்ஜோவிலிருந்து பெய்ஜிங்குக்கு ஏறத்தாழ 700 கிலோமீட்டர். ரயிலில் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்றாள். 1959 முதல் 1961 வரை நீடித்த பெரும் பஞ்சம் ஹெனானை மிக மோசமாகத் தாக்கியது. "பாட்டி புல்லை அவித்துச் சாப்பிட்டவர். நான் விமானத்தில் வந்து உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்" என்றாள். அந்தப் பெருமை பொய் இல்லை. பசியை ஒரே தலைமுறையில் கடந்த ஒரு வீட்டின் நன்றியுணர்வு அது. அதை மூளைச்சலவை என்று ஒரு சொல்லில் தள்ளிவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

பிறகு 2022 வந்தது. இங்கே எரிவாயுவுக்கும் பெட்ரோலுக்கும் நாங்கள் வரிசையில் நின்றோம். அவள் வகுப்புக்கு நடந்து வந்தாள். அதே காலத்தில் ஹெனானில் சில கிராமிய வங்கிகள் வைப்புப் பணத்தை முடக்கிவிட்டன. தாயின் சேமிப்பு அதில் ஒன்றில் இருந்தது. ஜூன் மாதத்தில் ஒரு நாள் புத்தகத்தைத் திறக்காமலே சொன்னாள்: "அம்மாவின் கோட் சிவப்பாகிவிட்டது."

கொரோனாக் காலத்தில் சீனர்கள் ஒவ்வொருவரின் கைத்தொலைபேசியிலும் ஒரு சுகாதாரக் குறியீடு இருந்தது; அதுதான் அவள் சொன்ன 'கோட்'. பச்சை என்றால் பஸ்ஸில் ஏறலாம், கடைக்குள் போகலாம். சிவப்பு என்றால் தனிமைப்படுத்தல். பணத்தைக் கேட்டு ஜெங்ஜோவுக்கு வந்தவர்களின் குறியீடு, நோயில்லாமலே சிவப்பாக மாறியது. பின்னர் அரசு விசாரணையே அதை ஒப்புக்கொண்டது: 1,317 வைப்பாளர்கள். ஐந்து அதிகாரிகள் தண்டிக்கப்பட்டார்கள்.

அவள் சொல்லிக்கொண்டிருந்தபோது எனக்கு 2007 ஜூன் 7 நினைவுக்கு வந்தது. அன்று விடியற்காலையில் கொழும்பின் லொட்ஜ்களில் தங்கியிருந்த 300க்கும் மேற்பட்ட தமிழர்களை எழுப்பி, பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தடுத்தது. கையில் அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் இருந்தும், இந்த ஊரில் நிற்பதே குற்றமாகும் நிலை எப்படி இருக்கும் என்று எனக்கு அவள் விளக்க வேண்டியிருக்கவில்லை.

2022 ஜூலை 9 சனிக்கிழமை. கொழும்பில் ஜனாதிபதி மாளிகைக்குள் சனம் புகுந்தது. அடுத்த வகுப்புக்கு வந்தவள் முதலில் கேட்டது இதைத்தான்: "அவர்களைச் சுடமாட்டார்களா, லாவோஷி?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. "வன்னியில் என்றால் யோசித்திருக்கமாட்டார்கள். காலி முகத்திடலில் யோசிக்கிறார்கள்" என்றேன்.

அவள் தன் தொலைபேசியை என் பக்கம் திருப்பினாள். எங்கள் ஜூலை 9க்கு மறுநாள், ஜெங்ஜோவில் சீன மத்திய வங்கியான மக்கள் வங்கியின் கிளைப் படிகளில் ஏராளமான வைப்பாளர்கள். வெள்ளைச் சட்டை அணிந்த ஆட்கள் பாய்ந்து அடிக்கிறார்கள், இழுத்துப் போகிறார்கள். அடி வாங்குகிறவர்களின் கையில் சீனத் தேசியக் கொடி. அதை ஏன் பிடித்திருக்கிறார்கள் என்று கேட்டேன். "கொடியைப் பிடித்தவரை நாட்டுக்கு எதிரி என்று சொல்லக் கஷ்டம்" என்றாள். அவர்கள் ஹெனான் அரசைத்தான் குற்றம் சொன்னார்கள். பெய்ஜிங்கை அல்ல. தாயும் அப்படித்தானாம்: மேலே இருப்பவர்களுக்குத் தெரிந்தால் நியாயம் கிடைக்கும் என்று நம்பினார். நம்பினாரா, அப்படிச் சொல்வதுதான் பாதுகாப்பு என்று சொன்னாரா? மகளுக்கே தெரியவில்லை. இந்த ஒரு கேள்வியில் விஷயம் முழுவதும் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

அடி விழுந்த மறுநாள் அறிவிப்பு வந்தது. ஜூலை 15 முதல், 50,000 யுவான் வரை வைப்பிட்டவர்களுக்கு முதலில் பணம் திரும்பும் என்று. தாய்க்குக் கிடைத்துவிட்டது. கேட்டதால்தான் கிடைத்தது என்பதை அவளும் அறிவாள், தாயும் அறிவார், கொடுத்தவர்களும் அறிவார்கள்.

அந்த நவம்பரில் இதுவே நாடளவில் நடந்தது. 24ஆம் தேதி, சீனாவின் மேற்கிலுள்ள உரும்கி நகரில் ஒரு தொடர்மாடியில் தீ. பத்துப் பேர் இறந்தார்கள். பொதுமுடக்கத் தடுப்புகளால் தப்பிக்க வழியில்லாமல் போனது என்று சனம் கொதித்தது. இரண்டு நாள் கழித்து, ஷாங்காயில் அதே பெயர் கொண்ட வீதியில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். கையில் ஒன்றும் எழுதாத வெள்ளைத் தாள். சிலர் ஷி ஜின்பிங் பதவி விலக வேண்டும் என்று வாய்விட்டே கத்தினார்கள். டிசம்பர் 7 அன்று அரசு கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. அதன் பிறகு, தெருவில் நின்றவர்களில் பலரை ஒவ்வொருவராக வீட்டில் வந்து கூட்டிப்போனார்கள். பெய்ஜிங்கில் ஒரு பதிப்பகத்தில் வேலை பார்த்த 26 வயதுப் பெண் முன்கூட்டியே ஒரு காணொளி பதிவுசெய்து வைத்திருந்தாள்: எங்களைச் சத்தமில்லாமல் காணாமல் போக விட்டுவிடாதீர்கள் என்று. அதை என்னால் ஒரு முறைக்கு மேல் பார்க்க முடியவில்லை. எங்கள் அம்மாக்கள் 2017 முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரக் கொட்டகைகளில் ஏந்தியிருக்கும் படங்களில் உள்ள, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்கு, அப்படி ஒரு காணொளி எடுத்து வைக்கக்கூட நேரம் இருக்கவில்லை.

பொலிஸ் கூப்பிட்டு விசாரிப்பதை அவர்கள் ஊரில் 'தேநீர் குடிக்க அழைத்தார்கள்' என்பார்களாம். முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு நான் அவளுக்கு 'நாலாம் மாடி' என்றால் என்ன என்று சொன்னேன்: கொழும்பில் குற்றப் புலனாய்வுப் பொலிஸ் கொண்டுபோய் விசாரிக்கும் இடம். அன்று மீதி நேரம் நாங்கள் ஆங்கிலம் படிக்கவில்லை.

மாமா சொல்வதற்கு ஆதாரமாக ஆய்வு ஒன்றைக் காட்டலாம். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தினர் 2003 முதல் 2016 வரை 31,000க்கும் மேற்பட்ட சீனர்களிடம் கேட்டார்கள். 2016இல் 93 வீதமானோர் மத்திய அரசில் திருப்தி என்றார்கள். நல்ல ஆய்வுதான். ஆனால் 2024இல் வெளியான இன்னோர் ஆய்வு வேறு வழியில் கேட்டது. பங்கேற்பவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குச் சில சாதாரணக் கூற்றுகள் கொண்ட பட்டியலைக் கொடுப்பார்கள். மறுபாதிக்கு அதே பட்டியலோடு ஆட்சி பற்றிய ஒரு கூற்றும் சேர்ந்திருக்கும். எதை ஏற்கிறீர்கள் என்று கேட்பதில்லை; எத்தனையை என்ற எண்ணிக்கை மட்டும். யார் எதைச் சொன்னார் என்று எவராலும் கண்டுபிடிக்க முடியாது. இரண்டு சராசரிக்கும் இடையிலான வித்தியாசம் அந்தக் கூற்றுக்கான ஆதரவைக் காட்டிவிடும். நேரே கேட்டபோது 90 வீதத்தைத் தாண்டிய ஆதரவு, இப்படிக் கேட்டபோது 50 முதல் 70 வீதத்துக்கு இறங்கியது.

பாதிக்குக் குறையாத ஆதரவு அப்போதும் நிற்கிறது. அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் நூறில் கால்வாசிப் பேர் முகம் தெரியாத ஒரு கேள்வியாளரிடம்கூட மனதை மறைக்கிறார்கள் என்றால், அவர்களைப் பார்த்து 'ஆட்சி இவர்களுக்குப் பிடித்துத்தான் இருக்கிறது' என்று சொல்ல நாங்கள் யார்?

மாமாவின் வீடு 1983 இனக்கலவரத்தில் எரிந்தது. பின்னொரு காலத்தில் அவருடைய தம்பியை நாலாம் மாடிக்குக் கொண்டுபோனார்கள். தம்பி வெளியே வரும்வரை ஆறு மாதம் மாமா ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு அலுவலகம் போனார், சிங்கள நண்பர்களுடன் தேநீர் குடித்தார், புத்தாண்டுக்குப் பலகாரம் கொடுத்தார். பக்கத்து மேசையில் இருந்தவர்கள் அவரைப் பற்றி வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள்? சொன்னதைக் கேட்கும் நல்ல மனிதர் என்றுதான். அந்த ஆறு மாதத்தை மாமா மறந்திருக்க முடியாது.

2023 தொடக்கத்தில் அவள் கடைசி வகுப்புக்கு வந்தாள். நான் தோசை சுட்டுக் கொடுத்தேன். சாப்பிட்டுக்கொண்டே, முன்பு ஒருபோதும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். 2021 ஜூலை 20 அன்று ஜெங்ஜோவில் பெருமழை. சுரங்க ரயிலுக்குள் வெள்ளம் புகுந்து 14 பேர் இறந்தார்கள். ஏழாம் நாளையொட்டி, நிலைய வாசலில் சனம் பூக்களைக் கொண்டுவந்து குவித்தது. அதிகாரிகள் மஞ்சள் நிறத் தடுப்புகளை நிறுத்திப் பூக்களை மறைத்தார்கள். வந்தவர்கள் அந்தத் தடுப்புகளை அகற்றினார்கள். அகற்றியவர்களில் அவளுடைய தாயும் ஒருவர். வாழ்நாளில் எந்த ஊர்வலத்துக்கும் போகாத பெண். இறந்தவர்களில் அவருக்குத் தெரிந்தவர் எவரும் இல்லை.

நான் அவளுக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 2021 ஜனவரி 8 இரவில் இடித்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியைப் பற்றிச் சொன்னேன். சீனா ஜெனீவாவில், ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில், எங்களுக்கு எதிராக எப்படி வாக்களித்து வந்தது என்பதையும் சொன்னேன். "தெரியாது" என்றாள். சிறிது நேரம் கழித்து, "எங்களிடம் ஒருவரும் கேட்கவில்லை" என்றாள். அவளுடைய அரசின் மீது எனக்கு இருக்கும் கோபம் அப்படியே இருக்கிறது. அதில் ஒரு துளியும் அவள் தாய்க்குச் சேராது.

லிப்டை நேற்றுத் திருத்திவிட்டார்கள். ஆனாலும் மூன்றாம் மாடிக்குப் போய் மாமாவிடம் அந்த மஞ்சள் தடுப்புகளைப் பற்றிச் சொன்னேன். அவர் நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த மனுசிக்கு ஒன்றும் செய்யவில்லையே?" என்று கேட்டார்.

இல்லை. வருடத்துக்கு ஒரு முறை, ஜூலை 20 அன்று, அவளிடமிருந்து எனக்கு ஒரு வரி வரும். கடைசியாக வந்தது இது: "அம்மா அழைத்தார். ஊரில் இன்று மழை இல்லையாம்."