புறங்கையால் பார்ப்பது

இரவு படுக்கும் முன் நீண்ட கைப்பிடி வைத்த கண்ணாடியை எடுத்து என் உடம்பின் பின்பக்கத்தைப் பார்ப்பேன். வால் எலும்பு, உட்காரும்போது பாரம் தாங்கும் இரண்டு எலும்பு முனைகள், இடுப்பின் பக்கவாட்டு, கணுக்கால், குதிகால். பதினோரு ஆண்டுகளில் பல் துலக்காமல் தூங்கிய இரவுகள் உண்டு. இதைச் செய்யாமல் தூங்கியதில்லை.

ஐந்தாவது மார்பு முள்ளெலும்பு மட்டத்தில் என் தண்டுவடம் காயப்பட்டது. நெஞ்சுக்குக் கீழே வலி தெரியாது. அதுவும் ஒரு நன்மைதானே என்று சிலர் ஆறுதலாகச் சொல்வார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் யாரையாவது ஐந்து நிமிடம் கவனித்துப் பாருங்கள். நெளிவார், சாய்வார், கால் மாற்றிப் போடுவார். அவரை அப்படி அசைய வைப்பது அந்தச் சின்ன வலிதான். எனக்கு அது இல்லாததால் எலும்புக்கும் இருக்கைக்கும் நடுவில் சதை நசுங்கி, ரத்தம் ஓடாமல், புண் உள்ளேயே தொடங்கிவிடலாம். அதனால் அரை மணிக்கு ஒருமுறை மார்பு தொடையில் படும்படி முன்னால் குனிந்து, சுமார் இரண்டு நிமிடம் அப்படியே இருப்பேன். கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கவும் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் அவ்வளவு நேரம் தூக்கிப் பிடிக்க முடியாது, தோள்களும் தேய்ந்துபோகும். இனி எனக்குக் கால்களும் அவைதாம்.

சிவப்பாக இருக்கிறதா பாருங்கள் என்பார்கள். என்னைப் போன்ற கருத்த தோலில் சிவப்பு எளிதில் தெரிவதில்லை. புறங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். போன வருடம் அப்படித்தான் கண்டுபிடித்தேன்: நாணய அளவில் ஓர் இடம், சுற்றியிருந்த தோலைவிடச் சற்றுக் கருத்து, சூடாக, கெட்டியாக. கால்சட்டையின் பின்பையில் இருந்த தடித்த தையல்தான் காரணம். ஒன்பது நாள் உட்காரவே இல்லை. குப்புறவும் பக்கவாட்டிலும் மாறி மாறிப் படுத்திருந்தேன். நான்காம் நாள் அழுதுவிட்டேன். தங்கை தினமும் தன் புறங்கையை வைத்துப் பார்ப்பாள். ஏழாம் நாள், "அண்ணா, சூடு போய்விட்டது" என்றாள். தோல் கிழியாமலே தப்பித்தேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், உயிர் சம்பந்தப்பட்டது. ஆறாவது மார்பு முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ காயம்பட்டவர்களுக்குக் கீழே ஏதாவது உறுத்தினால் ரத்த அழுத்தம் திடீரென ஏறலாம். பெரும்பாலும் சிறுநீர்ப்பை நிரம்பியிருப்பதுதான் காரணம். ஒரு மதியம் எனக்குத் தலை வெடிப்பதுபோல் வலித்தது, முகமெல்லாம் வியர்வை. அருகிலிருந்த மருத்துவமனைக்குப் போனபோது மேல் அளவு 150. கொஞ்சம்தான் அதிகம், ஓய்வெடுங்கள் என்றார்கள். என் வழக்கமான அளவு 100. இதைச் சொல்லியும் அவர்கள் காதில் ஏறவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, இடுப்புப் பட்டையைத் தளர்த்தி, சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீரை வெளியேற்றும் குழாயை நானே தடவிப் பார்த்தேன். தொடைக்கடியில் மடங்கிக் கிடந்தது. நேராக்கியதும் வெளியே சிறுநீர் சேரும் பை நிரம்பத் தொடங்கியது, சில நிமிடங்களில் வலி இறங்கியது. என் வழக்கமான ரத்த அழுத்தத்தையும் செய்ய வேண்டியதையும் எழுதிய அட்டை இப்போது என் சட்டைப்பையில் இருக்கிறது. உங்களுக்கும் இந்த மட்டத்தில் காயம் என்றால், இன்றே ஒன்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்று புதுக் காலணி போட்டிருந்தேன். சற்று முன் இடது காலை மடிமேல் எடுத்து வைத்துப் பார்த்தபோது குதிகாலில் ஒரு கோடு. புறங்கைக்குச் சூடு தெரியவில்லை. காலணியை ஒதுக்கி வைத்துவிட்டேன். காலையில் மறுபடியும் பார்க்க வேண்டும்.